சங்கம் என்று எதைச் சொல்வோம்

யாழ்ப்பாணத்து அரியாலையில் ஒருவர் சயிக்கிள் கைபிடியில் பையைக் கொழுவிக்கொண்டு "சங்கத்துக்குப் போயிட்டு வாறன்" என்று சொன்னால், அவர் கூட்டத்துக்குப் போகிறார் என்று நாங்கள் நினைப்பதில்லை. சீனியோ மாவோ வாங்கப் போகிறார். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் நடத்திய கடை எங்கள் வாயில் சங்கக்கடையாகி, பிறகு வெறும் சங்கமாகிவிட்டது. நான் சின்னப் பிள்ளையாக இருந்த எழுபதுகளில் அந்தச் சொல்லுக்கு ஒரு மணமே இருந்தது. மண்ணெண்ணெயும் சாக்கு அரிசியும் சவர்க்காரமும் கலந்த மணம். கூப்பனைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி வரிசையில் நின்ற எனக்கு, சங்கம் என்பது ஒரு மேசை, ஒரு தராசு, அதற்குப் பின்னால் நிற்கும் மனேச்சர் ஐயா. அவ்வளவுதான்.

அந்த மேசைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய உழைப்பு இருந்தது என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இல் வந்தது. கமக்காரன் வட்டிக்காரனிடம் காணியைப் பறிகொடுக்காமல் இருக்க வழி தேடி வந்த சட்டம் அது. இரண்டாம் உலக யுத்தத்தில் அரிசி பங்கீட்டுக்குப் போனபோது, 1942க்குப் பிறகு, கூட்டுறவுக் கடைகள் ஊருக்கு ஊர் பெருகின. 1957இல் பலநோக்குச் சங்கங்கள் தொடங்கின. யாழ்ப்பாணம் இதில் முன்னுக்கே நின்றது. மலையாளக் கரைக்குப் போகும் புகையிலையை விற்க எங்கள் கமக்காரர் முப்பதுகளிலேயே சங்கம் அமைத்திருந்தார்கள். மூளாயில் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நடத்தினார்கள். கூட்டுறவுக்காக உழைத்த வீரசிங்கம் அவர்களின் பெயரைத்தான் யாழ் நகரத்து வீரசிங்கம் மண்டபம் தாங்கி நிற்கிறது. நாடகம் பார்க்கவும் கூட்டம் கேட்கவும் அங்கே போகிறவர்களில் எத்தனை பேர் அது கூட்டுறவாளர்களின் மண்டபம் என்று நினைக்கிறார்கள்?

ஆட்கள் சேர்ந்து இயங்குவதைச் சொல்ல எங்கள் ஊரில் சொற்களுக்குக் குறைவில்லை. பேப்பர் வாசிக்கவும் கரம் விளையாடவும் போகிற இடம் சனசமூக நிலையம். கிழவர்கள் இன்னும் அதை வாசிகசாலை என்றே சொல்வார்கள். பந்தடிக்கிற பெடியளுக்குக் கழகம். கோயிலுக்குப் பரிபாலன சபை. கமக்காரருக்கு அமைப்பு. கடற்கரைப் பக்கம் போனால் கடற்றொழிலாளர் சங்கம், அந்தச் சங்கங்கள் பல சேர்ந்தால் சமாசம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நூறு வருசம் தாண்டி நடந்துவரும் எங்கள் சுதேசியத் திருநாட் கொண்டாட்டத்தின் பெயரிலேயே, அதைத் தொடங்கியவர்களின் காலத்து மூச்சு இருக்கிறது.

இந்தச் சொற்கள் பிறந்தபோது இருந்த பொருளிலேயே நின்றுவிடவில்லை. திருக்குறளில் கழகம் என்பது சூதாடும் இடம். பின்னால் வந்தவர்கள் அதே சொல்லைப் புலவர் அவைக்குக் கொடுத்தார்கள். சங்கம் என்ற சொல் சமண, பௌத்தத் துறவிகளின் கூட்டத்தைக் குறித்து வந்தது. இலங்கையில் இன்றும் பிக்குமாரை மகா சங்கத்தினர் என்கிறோம். அந்தச் சொல் தமிழ்ப் புலவர்களிடம் வந்து, 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கமாகி, 1921இல் யாழ்ப்பாணத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கமாகிப் பண்டிதர்களை உருவாக்கி, கடைசியில் எங்கள் கிராமத்தில் அரிசி நிறுத்துக் கொடுத்தது. துறவியிடமிருந்து கூப்பன் அரிசி வரை வந்த பயணத்தில் அந்தச் சொல்லோடு மாறாமல் வந்தது எது என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். எனக்குப் பதிலைத் தந்தது அகராதி அல்ல, என் சொந்த வாழ்க்கை.

எண்பதுகளின் கடைசியில் அப்பா திடீரென்று போய்விட்டார். வீட்டில் மூத்தவள் நான். ஊரடங்கும் சோதனையுமாக இருந்த காலம். பெட்டிக்காரனுக்கும் பறைமேளத்துக்கும் ஐயருக்கும் காசு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நான் குசினி மூலையில் நின்றேன். அழுகையைவிட வெட்கம்தான் அந்த நேரத்தில் என்னைப் பிடித்திருந்தது. யாராவது இரக்கப்பட்டுக் கையில் எதையாவது திணித்துவிடுவார்களோ என்ற வெட்கம். யாரும் ஒன்றும் தராமல் போய்விடுவார்களோ என்ற பயமும் அதற்குள் இருந்தது. இதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

அப்போது பின்பக்க வாசலால் ஒருவர் வந்தார். பக்கத்து வளவு ரீச்சர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் எல்லை வேலியில் வழக்கு. கோட்டுக்குப் போய், கதிகால் போட்டவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, முகத்தில் முழிக்காத அளவுக்கு முற்றிய வழக்கு. நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவர்கள் எங்கள் படலை திறந்ததில்லை, நாங்களும் திறந்ததில்லை. அன்றைக்கு அவர் அயலவராக வரவில்லை. எங்கள் குறிச்சி மரண சகாய நிதிச் சங்கத்தின் பொருளாளராக வந்தார். கையில் காசு உறை, பற்றுச்சீட்டுப் புத்தகம், அதற்குள் மடித்து வைத்த கரிக்கடதாசி.

நான் உறையைத் தொடாமல் நின்றேன். ரீச்சர் அதை உரல் விளிம்பில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமல், வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னார்: "பிள்ளை, இது நான் தாற காசில்லை. உம்மட அப்பா மாதாமாதம் கட்டினது. எண்ணிப் பாத்திட்டு ஒப்பம் வையும்."

எண்ணினேன். கரிக்கடதாசி விலகாமல் அவர் ஒரு பக்கத்தைப் பிடித்திருக்க, நான் ஒப்பம் வைத்தேன். மேல் தாளைக் கிழித்து என்னிடம் தந்தார். அடித்தாள் புத்தகத்தோடு போனது. ஒரு ஆறுதல் வார்த்தைகூட அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காசை வாங்கிய கை கூசவில்லை. நிமிர்ந்துகொண்டு குசினியை விட்டு வெளியே வந்தேன். வேலி வழக்கு அதற்குப் பிறகும் பல தவணை நடந்தது. நாங்கள் உறவாகிவிடவில்லை. ஆனாலும் மாதம் பிறந்ததும் சந்தாக் காசைக் கொண்டுபோய் அந்த ரீச்சரிடமே கட்டினேன். அவரும் பற்றுச்சீட்டு எழுதித் தந்தார்.

சங்கம் என்ற சொல்லின் பொருளை நான் படித்தது அந்த உரல் பக்கத்தில்தான். என்னைப் பிடித்தவர்கள் எனக்குச் செய்வது உதவி. அதற்கு நான் நன்றிக்கடன் படுவேன். அவர்களுக்கு மனம் மாறினால் அது நின்றுவிடும். என்னைப் பிடிக்காதவர்களும் எனக்குத் தந்தே ஆகவேண்டியது உரித்து. இந்த உரித்தை உண்டாக்க ஒரு ஊர் கண்டுபிடித்த ஏற்பாடுதான் சங்கம். அன்பு இருந்தால் நல்லது. ஆனால் அன்பை நம்பி அது கட்டப்படவில்லை. யாப்பு, இடாப்பு, சந்தா, பற்றுச்சீட்டு, கூட்டறிக்கை, ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று உலர்ந்துபோன சொற்களாகத் தெரிகிறவைதான், ஒருவரை ஒருவர் சகிக்காதவர்களையும் ஒருவருக்கு ஒருவர் பொறுப்பாக்குகின்றன. 1844இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரத்தில் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்தபோதும் அதையே விதியாக எழுதினார்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. கணக்கு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும்.

அந்த நாட்களில் எங்கள் ஊரில் இன்னொரு சொல் இதைவிடப் பெரிதாக ஒலித்தது. இயக்கம். எழுபதுகளின் கடைசியிலிருந்து அந்தச் சொல்லுக்கு முன்னால் அடைமொழி தேவைப்படவில்லை. "அவன் இயக்கத்துக்குப் போயிட்டான்" என்று ஒரு தாய் சொன்னால் அந்த வீட்டில் அன்றைக்கு உலை வைக்கவில்லை என்று அர்த்தம். உயிரைக் கொடுக்கத் துணிந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள், அவர்களை நான் மறக்கமாட்டேன். ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அங்கே கேள்வி மேலிருந்து கீழேதான் வந்தது. கணக்கை எழுந்து வாசிக்கும்படி யாரும் கேட்க முடியவில்லை. ஒருவரைத் தலைவர் கதிரையிலிருந்து இறக்க வாக்கு இல்லை. பெரிய சொற்கள் எங்கள் தலைக்கு மேலால் போன அந்த வருசங்களில், 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள்ளும், நிவாரண அரிசியை இடாப்புப் பார்த்து நிறுத்துத் தந்தது அந்தப் பழைய சங்கக்கடைதான்.

பிற்பாடு நான் எங்கள் குறிச்சி மாதர் சங்கத்தின் செயலாளரானேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து எங்கள் வீதியால்தான் போனது. மழை. கண்டி வீதியில் மாம்பழம் சந்தியிலிருந்து நாவற்குழிப் பாலம் வரை அடி எடுத்து வைக்க இடமில்லை. நான் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி இவற்றோடு அங்கத்தவர் இடாப்பையும் காசேட்டையும் சொப்பிங் பையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மாமி கேட்டார்: "உயிர் போற நேரத்தில உந்தக் கொப்பியள் ஏன் பிள்ளை?" அந்த இரவில் என்னிடம் பதில் இல்லை. எடுத்துப் போகவேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

பதில் 1996இல் கிடைத்தது. ஊருக்குத் திரும்பியவர்கள் கூரை போன வாசிகசாலைக்குள் பாய் விரித்து இருந்தோம். பாதிக்கு மேற்பட்ட ஆட்கள் இல்லை. தலைவர் அக்கா, "செயலாளர், பெயரை வாசியும்" என்றார். நான் இடாப்பைத் திறந்து முதலாம் பெயரிலிருந்து வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் யாரோ ஒருவர் பதில் சொன்னார். "கொடிகாமத்தில நிக்கினம்." "வன்னிக்குப் போயிட்டினம்." "கொழும்பில. மகன் கனடாவுக்குக் கூப்பிடுறான்." "செத்துப் போனா, சாவகச்சேரியில." செத்தவர்களின் பெயரை வெட்டவில்லை; பக்கத்தில் திகதி எழுதினோம். யாருக்கும் பதில் தெரியாத பெயர்களும் இருந்தன. அவற்றை அடுத்த கூட்டத்திலும் வாசிப்பது என்று ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, அதைக் கூட்டறிக்கையில் பதிந்தேன். அடுத்த கூட்டத்திலும் வாசித்தோம். அதற்கடுத்த கூட்டத்திலும் வாசித்தோம்.

இடாப்பில் பெயர் இருந்தால், நீங்கள் வராதபோது "எங்கே?" என்று கேட்க ஒரு கூட்டம் கடமைப்பட்டிருக்கிறது. 2025இல் எங்கள் ஊர்ச் சித்துப்பாத்தி மயானத்தில் மண்ணைத் தோண்டத் தோண்ட மனித எலும்புகள் வெளிவந்தபோது எனக்கு அந்தப் பாயும் அந்த வாசிப்பும்தான் நினைவுக்கு வந்தன. காணாமல் போனவர்களை இருபது முப்பது வருசமாகப் பெயர் சொல்லித் தேடியவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் மனைவிமாரும்தான். அவர்களும் சங்கமாகக் கூடித்தான் தெருவில் நின்றார்கள். தனியே நின்று கேட்டால் விரட்டப்படுகிற கேள்வி, சங்கமாக நின்று கேட்கும்போது நிற்கிறது.

யுத்தம் முடிந்த பிறகு புதிதாக ஒரு சொல் வந்தது. குழு. வீடு திருத்த, மாடு வாங்க, கக்கூஸ் கட்ட என்று நுண்கடன் தருகிற கொம்பனிகள் மோட்டார் சயிக்கிளில் வந்தார்கள். ஐந்து பெண்கள் குழுவாகச் சேர வேண்டும். ஒருவருக்கு ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். கிழமைக்கு ஒருக்கால் கட்டுக்காசு. கூரைக்கு ஓடு போட நானும் ஒரு குழுவில் சேர்ந்தேன். பாய் விரித்து இருந்தோம், பெயர் வாசித்தார்கள், கொப்பியில் பதிந்தார்கள். பார்த்தால் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் மாதிரியே இருந்தது.

எங்களில் ஒருத்தியின் புருசன் பனையால் விழுந்து படுக்கையாகிவிட்டார். அவளால் அந்தக் கிழமை காசு கட்ட முடியவில்லை. வந்த தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார். "அக்காமார், காசு வரும்வரைக்கும் ஒருத்தரும் எழும்பேலாது" என்றார். நாங்கள் நாலு பேரும் அவளுடைய முற்றத்தில் இருந்தோம். வெயில் சாய்ந்தது. பள்ளிக்கூடத்தால் வந்த அவளுடைய மகள் எங்களைக் கண்டதும் முன்வாசலால் வராமல் வேலிப் பொட்டுக்குள்ளால் பின்பக்கம் போனாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க எனக்கு முடியவில்லை. கடைசியில் நாலு பேரும் பிரித்துப் போட்டுக் கட்டினோம். அடுத்த கிழமையும் அப்படியே.

அன்றிரவு நித்திரை வரவில்லை. எங்கள் பெயர்கள் அங்கேயும் ஒரு கொப்பியில்தான் இருந்தன. ஆனால் அந்தக் கொப்பி எங்களுடையதல்ல. வட்டியை நாங்கள் தீர்மானிக்கவில்லை. அது எங்கே போகிறது என்று கேட்க எங்களுக்குப் பொதுக்கூட்டம் இல்லை. அங்கே நாங்கள் அங்கத்தவர்கள் அல்ல, பிணைகள். சங்கத்தில் அயலவரின் கஷ்டத்துக்கு என் சந்தா போனது. குழுவில் அயலவரின் கஷ்டம் என்னை அவளுக்கு எதிராகக் கொண்டுபோய் அவள் முற்றத்தில் இருத்தியது. இரண்டு இடத்திலும் பாய் ஒன்றுதான், பெண்கள் அதே பெண்கள்தான். வடக்கில் எத்தனையோ குடும்பங்களை இந்தக் கடன் முறித்துப் போட்டது. பெண்கள் தெருவில் இறங்கிக் கத்திய பிறகுதான் 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்யவும் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு போடவும் அரசாங்கம் முன்வந்தது. 35 வீதமே உச்சவரம்பு என்றால் அதற்கு முன்னர் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கடனை முடித்த பிறகு நான் சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தேன். அங்கே தருகிற தொகை சின்னது. படிவம் நிரப்ப வேண்டும், கூட்டம் கூடும்வரை பொறுக்க வேண்டும். சில நேரம் சலிப்பாகவும் இருக்கும். ஆனால் நான் கட்டுகிற வட்டி சங்கத்தின் நிதிக்கே திரும்புகிறது. வருசத்தில் ஒருநாள் கணக்கறிக்கையை எழுந்து நின்று வாசிக்கிறார்கள். ஒருமுறை ஒரு செலவுக்குப் பற்றுச்சீட்டு இல்லை என்று ஒரு இளம்பிள்ளை கை உயர்த்திக் கேட்டாள். சபை கொஞ்ச நேரம் இறுகிப் போனது. பொருளாளர் புத்தகத்தைப் புரட்டி, அடித்தாளைத் தேடி எடுத்து, அவளிடமே கொண்டுவந்து காட்டினார். பிறகு கூட்டம் தொடர்ந்து நடந்தது.

இன்றைக்கு ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் எங்கள் ஊர்ப் பெயரில் சங்கங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் வாசிகசாலைக்கும் அனுப்புகிறார்கள். அந்தக் கைகளை நான் வணங்குகிறேன். வட்ஸப்பில் ஒரு நாளைக்குள் நூறு பேரைச் சேர்த்து அதற்கும் சங்கம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். கூடுவது இப்போது எளிது. கூடியவர்கள் ஒருவருக்கு ஒருவர் கணக்குச் சொல்வதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் கஷ்டம்.

சேரலாமா என்று என்னிடம் கேட்டு வருகிற இளம் பெண்களுக்கு நான் மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுக்கிறேன். உங்கள் பெயர் எழுதியிருக்கும் கொப்பி யாருடையது? அதை நீங்கள் கேட்டால் திறந்து காட்டுவார்களா? உங்களோடு கதை பேச்சில்லாத ஒருவருக்கும் அங்கே உங்களுக்கு உள்ள அதே உரித்து இருக்கிறதா? மூன்றாவது கேள்வியில்தான் பலர் தயங்குகிறார்கள். தங்களுக்குப் பிடிக்காதவர் அங்கே இருக்கிறார் என்பதற்காகவே சேராமல் விடுகிறார்கள். அவர் இருக்கிறார் என்பதற்காகவே சேருங்கள் என்று நான் சொல்வேன். அவரும் சந்தா கட்டி நீங்களும் சந்தா கட்டி இரண்டு பேரும் ஒரே கணக்கைக் கேட்கிற இடம் உலகத்தில் அதிகம் இல்லை.

எங்கள் குறிச்சியில் வாசிகசாலை முன் பலகையில் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவித்தல் ஒட்டினால், வீட்டில் ஒருவரை அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கணக்கறிக்கை வாசிக்கும்போது கை உயர்த்திக் கேளுங்கள். கேட்டவரைக் குழப்பக்காரர் என்று சொல்லாமல் புத்தகத்தைத் திறந்து காட்டுகிற இடம் எதுவோ, அதைச் சங்கம் என்று சொல்வோம்.